பிள்ளை பெற்றவளுக்குப் புளிப்பு

அண்ணி லேகியக் கிண்ணத்துக்குள் அவித்த முட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் துணிகளை அடுக்கி வைக்கப் போன நான் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். சுக்கும் மிளகும் திப்பிலியும் கருப்பட்டியும் போட்டு அம்மா வியர்க்க வியர்க்கக் கிளறிய பிரசவ லேகியம் அது. அண்ணி அதில் வெந்நீர் ஊற்றிக் கரைத்தாள். முட்டையை உருட்டி உருட்டிக் கருப்பாக்கினாள். பிறகு கிண்ணத்தைப் போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். திரையில், ஹாங்காங்கில் இருக்கும் அவளுடைய அம்மா இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துச் சிரித்தார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணியும் சிரித்துக்கொண்டே கையசைத்தாள். போன் அணைந்ததும் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

என் அண்ணன் ஜேசன் ஹாங்காங்கில் வேலை பார்த்தபோது அங்கேயே கல்யாணம் செய்துகொண்ட பெண் கா யான். அந்தக் கல்யாணத்தை நாங்கள் சேலையூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தோம். போன வருஷம் அண்ணனுக்குக் கேளம்பாக்கம் அலுவலகத்துக்கு மாற்றல் வந்ததும் இருவரும் எங்களோடு தங்க வந்தார்கள். இப்போது ஒரு பெண் குழந்தை. பிறந்து மூன்றாவது வாரம்.

என்ன செய்கிறாய் என்று கேட்டேன். பொய் சொல்கிறேன் என்றாள், சுவரைப் பார்த்தபடியே. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம்தான். அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சாப்பாடு உண்டாம். பன்றிக் காலையும் முற்றிய இஞ்சியையும் அவித்த முட்டையையும் இனிப்பான கருப்பு வினிகரில் மணிக்கணக்காகக் கொதிக்க வைப்பார்களாம். அது இங்கே கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"கிடைக்கலைன்னு தெரிஞ்சா, குழந்தையைத் தூக்கிக்கிட்டு உடனே கிளம்பி வான்னு சொல்லுவாங்க" என்றாள். "நானும் போயிடுவேன், பிளஸ்ஸி. அதுதான் பயமா இருக்கு."

குழந்தை இந்த வீட்டை விட்டுப் போகும் என்ற நினைப்பே அதுவரை எனக்கு வந்ததில்லை. ஒரு கிண்ணம் சாப்பாட்டுக்காக ஒருத்தி கடல் கடந்து திரும்பிப் போவாளா என்றும் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஊரை விட்டு வந்தவர்கள் எப்போதும் சாப்பாட்டை நினைத்துத்தான் அழுகிறார்கள். மழை பெய்யும் ஒரு சந்து, சிவப்புக் காகித விளக்கு, உள்ளே ஆவி பறக்கும் ஒரு பானை. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

பெருங்களத்தூரில் தேடினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் சைனீஸ் என்று எழுதிய தள்ளுவண்டிகள் எல்லாவற்றிலும் ஒரே சிவப்பு கோபி மஞ்சூரியன். அதன் பிறகு கேளம்பாக்கத்தில் 'அசல் கான்டனீஸ் உணவகம்' என்று போர்டு வைத்த ஒரு புது ஓட்டலை இணையத்தில் பார்த்தேன். வாசலில் சிவப்பு விளக்குகூட இருந்தது. தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். கல்லாவில் ஆள் இல்லை. சமையல்காரர் லோகநாதன் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

கான்டனீஸ் என்றால் உங்கள் கடையில் என்ன என்று கேட்டேன்.

"கான்டனீஸ்னா இன்னாம்மா, சோள மாவு ஜாஸ்தி, மொளகா கம்மி. அவ்ளோதான்."

பன்றிக் கால் என்றதும் அவர் கை பூண்டோடு நின்றது. உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கடையிலயா? ஓனர் சைவம்மா. சிக்கனையே கிச்சன் பக்கம் வந்து பாக்க மாட்டாரு."

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. பக்கத்தில், வெளிநாட்டு இன்ஜினீயர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸில் ஒரிஜினல் சீனாக்காரர் ஒருத்தர் சமைப்பதாகவும், மார்க்கெட்டில் இஞ்சியை மோந்து மோந்து பார்த்து வாங்குவாரென்றும் சொல்லி வழி காட்டினார்.

அந்தச் சீனாக்காரர் ஹாங்காங்கை ஒட்டிய குவாங்டாங் மாகாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். போனில் படத்தைக் காட்டியதும் தலையாட்டினார். குழந்தையின் படத்தைக் காட்டியதும் வாய் நிறையச் சிரித்தார். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். சொன்னபடியே கொடுத்தார். எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கு நிறைய, கருப்பாக, மினுமினுப்பாக. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். அம்மா பெயர் ரத்தினபாய். முப்பது வருஷம் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என்ன வாடை இது என்று கேட்டாள். சொன்னேன்.

"பன்னிக்கறியா? எட்மண்ட், உங்க பொண்ணு வீட்டுக்குள்ள எதைக் கொண்டு வந்திருக்கா பாருங்க." அப்பா பேப்பரை இறக்கினார். அதைவிடப் பெரிய குற்றம் அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "பிள்ளை பெத்தவளுக்குப் புளிப்பா? பச்சை உடம்புடி அது. ஜன்னி கண்டா யாரு பதில் சொல்றது? உன் புஸ்தகமா?"

நான் கேட்காத மாதிரி தூக்கை அண்ணியின் அறைக்குக் கொண்டுபோனேன். அம்மா பின்னாலேயே வந்தாள். ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்த ஜேசன் அண்ணன் தோளில் பையோடு நின்றான்.

அண்ணி மூடியைத் திறந்தாள். கண்ணை மூடி ஆவியை உள்ளே இழுத்தாள். பிரசவத்துக்குப் பிறகு அந்த முகத்தில் முதன்முதலாக ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். யார் செய்தது என்று கேட்டாள். கேளம்பாக்கம் போன கதையை நான் ஆசையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் மூடியைப் போட்டு, தூக்கை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அசல்தானே, உங்கள் ஊர்க்காரர் செய்ததுதானே என்றேன்.

அண்ணி மெதுவாக, எல்லாருக்கும் புரியும் ஆங்கிலத்தில் சொன்னாள். "இது எங்க ஊர்ல கடையிலயே விக்கும். காசு கொடுத்தா யாரும் வாங்கலாம். ஆனா முதல் கிண்ணம் மாமியார் கையால வரணும். அவங்க செஞ்சு கொடுத்தா, நீ எங்க வீட்டுப் பொண்ணுன்னு அர்த்தம். செய்யலைன்னா, வேண்டாம்னு அர்த்தம். அதைக் கேட்டு வாங்கக் கூடாது. நான் காத்திருந்தேன்."

அண்ணன் பை தோளிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. அவனுக்கும் இது தெரியாது. தன் ஊர் வழக்கம் இவனுக்குத் தெரிந்திருக்கும் என்று அவளும், அவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று இவனும் இருந்திருக்கிறார்கள்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே கேட்டாள். "அப்போ நான் விடிகாலையில எழுந்து கிளறினது? பத்தியக் குழம்பு, கருவாடு, வெந்நீர் ஒத்தடம்? அதெல்லாம் யாருக்குப் பண்ணினேன்?"

"ரொம்ப நன்றி" என்றாள் அண்ணி. உண்மையாகவே சொன்னாள். "நல்ல நர்ஸ் மாதிரி பாத்துக்கிட்டீங்க."

யாரோ அறைந்த மாதிரி அம்மா ஒரு அடி பின்னால் போனாள். அப்புறம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரசவமாகி ஒரு மாதம் முடிந்ததும் குழந்தையோடு ஹாங்காங் போகிறேன் என்று அண்ணி அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் டாக்டருக்குப் போன் செய்து, புளிப்பு, கறி எது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அவர் சொன்னதை அம்மாவின் கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை சொன்னான். கதவு திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, அம்மா என் காதில், "பன்னிக்கறி எங்க விக்கும்?" என்று கேட்டாள். பைபிள் கையிலிருந்து நழுவப் பார்த்தது எனக்கு.

பல்லாவரம் பக்கம் ஒரு கடைக்கு ஆட்டோவில் போனோம். அம்மா சர்ச் பட்டுப்புடவையின் தலைப்பை முகத்தில் போர்த்தியிருந்தாள். அங்கே வரிசையில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாதி நின்றது. எங்களுக்கு முன்னால் நின்ற ஜாய்சன் அங்கிள், கருப்பு கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். அம்மாவும் ஸ்தோத்திரம் சொன்னாள். நம்ம ஆளுங்க யாரும் இதைத் தொடுறதில்லை என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்தவள், ஆட்டோவில் வீடு வரும்வரை தலைப்பை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

மதியம் என்னை மறுபடி கேளம்பாக்கம் அனுப்பி, கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரரிடம் இனிப்பு வினிகர் வாங்கி வரச் சொன்னாள். மறுநாள் காலை சமையல் ஆரம்பித்தது. எவர்சில்வரில் வைத்தால் புளிப்பு ஏறாது என்று யாரும் சொல்லாமலே மீன் குழம்புச் சட்டியை எடுத்தாள். அண்ணி குழந்தையோடு அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த மண்சட்டியை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அவளுடைய அம்மாவும் மண்சட்டியில்தான் வைப்பாராம். அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கால்களைத் தேய்த்துக் கழுவினாள். இஞ்சியைத் தோல் சீவித் தட்டிப் போட்டாள். அண்ணி ஒன்றிரண்டு தடவைதான் குறுக்கே பேசினாள். வீடு முழுக்க வினிகர் வாடையில் கண் எரிந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு அம்மா ஒரு கிண்ணத்தில் ஊற்றி அண்ணிக்கு நீட்டினாள். அண்ணி இரண்டு கைகளாலும் வாங்கினாள். அம்மா விடவில்லை.

கிண்ணம் இருவர் கையிலும் இருந்தது. அண்ணி லேசாக இழுத்தாள். அம்மாவின் விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியிருந்தன. ரத்தினா, விடு என்றார் அப்பா.

"எங்க அக்காவும் இப்படித்தான் என் கையிலேர்ந்து வாங்கினா" என்றாள் அம்மா.

கிரேஸ் பெரியம்மா முதல் பிரசவத்துக்குப் பிறகு இறந்தது எங்களுக்குத் தெரியும். மீதி தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்பதை அவர் முகம் சொன்னது.

"பத்தியச் சோறு இறங்கலைன்னு அழுதா. எனக்கு ஒம்பது வயசு. யாருக்கும் தெரியாம மோர்ச்சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லா சாப்பிட்டா. அன்னைக்கே காய்ச்சல் வந்துச்சு." அம்மா மூச்சு வாங்கினாள். "கிருமியாலதான். மோரால இல்ல. எத்தனை வருஷம் அந்தப் பாடத்தை நானே நடத்தியிருக்கேன். தெரியும் எனக்கு."

அதையே ஆங்கிலத்தில் அண்ணியிடம் சொன்னாள், வகுப்பில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி. நான் அம்மாவை ஏதோ அந்நிய வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன், அந்த ஒன்பது வயதுப் பெண்ணை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

அண்ணி கிண்ணத்திலிருந்து கைகளை எடுத்தாள். "சாப்பிட வேண்டாம். நீங்க செஞ்சீங்க. எனக்கு அது போதும்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கரண்டியில் ஒரு துண்டுக் கறியை எடுத்துத் தன் வாயில் போட்டாள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஆபீசுக்கு லீவு போட்டிருந்த அண்ணன், நீ சாப்பிட்டுப் பார்த்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். தெரியாது, அதுவும் எனக்குத் தெரியும் என்றாள் அம்மா, மென்றபடி. முழுங்கியதும் கிண்ணத்தை அண்ணியின் மடியில் வைத்தாள்.

"சாப்பிடு. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

அண்ணி சாப்பிட்டாள். இஞ்சியைக்கூட விடவில்லை. கடைசிச் சொட்டைக் கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தாள். அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பால் கொடுக்கும்போது தொட்டுப் பார்த்தாள். தூங்கும்போதும் தொட்டுப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் அண்ணி கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைப் பிடித்துத் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டாள். சாயங்காலம் நான் காபி கொண்டுபோனபோதும் கை அங்கேயே இருந்தது.

"சுடல" என்றாள் அம்மா என்னிடம், நம்ப முடியாதவள் போல.

இதை எத்தனை நாளைக்குச் சாப்பிட வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, பிரசவ மாதம் முடியும்வரை, சட்டியைத் தினமும் சூடு பண்ணிப் பன்றிக் கால் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள் அண்ணி. அதோடு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தனுப்ப வேண்டுமாம், குழந்தை பிறந்த செய்தியோடு.

அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். எதிர் வீட்டில் முனிரத்தினம் சார் பூண்டுகூடச் சேர்க்காதவர். பிறகு, "பிளஸ்ஸி, அந்தப் பல்லாவரத்துக்காரன் நம்பரை வாங்கி வை" என்றாள்.