தோள் உயரத்துக்கு மேல்

வலது தோளில் வலி விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும். அதன் பிறகுதான் அம்பிகா எழுவாள். அந்தக் கையால் மாவு பிசையலாம், காய் நறுக்கலாம். முதுகுப் பக்கம் கொண்டுபோக முடியாது. மேலே தூக்கினால் தோளளவில் நின்றுவிடும். அதற்கு மேல் உயிர் போகும்.

அவளுக்குத் தலை பின்னிவிடுவது புருஷன் முனிரத்தினம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் சுமக்கிறவன்.

“பேரன் எடுக்கற வயசுல சடை பின்ன கத்துக்கினேன். ஷாப்புல தெரிஞ்சா சிரிப்பானுங்க.”

“தோல் இழுக்கறாப்பல இழுக்காதய்யா.”

“கம்பெனி பஸ்ஸு வந்துடும். ஆடாம நில்லு.”

வலி ஆரம்பித்தபோது, பிசகியிருக்கும் என்று எலும்பு கட்டுகிறவரிடம் கூட்டிப்போனவனும் அவன்தான். தோல் ஏற்றி இறக்குகிறவர்கள் எல்லோரும் போகிற இடம். பச்சிலை அரைத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து, கையை உடம்போடு சேர்த்து ஒரு மாதம் கட்டிவைத்தார்கள். இருந்த லீவெல்லாம் அதில் போயிற்று. கட்டை அவிழ்த்தபோது தோள் அப்படியே இறுகியிருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். “அசைக்க வேண்டிய கைய போய் கட்டி வெச்சிருக்கீங்களேம்மா! சுகர் இருக்கறவங்களுக்கு தோள் இப்படி இறுகும். விட்டுடும். ஆனா வருஷம் ஆவும்.”

காலையும் மாலையும் வெந்நீரில் நனைத்த துண்டைத் தோளில் போடுவாள். பிறகு சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்துவாள். இப்போதெல்லாம் ராத்திரி தூக்கம் வருகிறது. விரல் நெஞ்சு உயரத்திலிருந்து தோள் வரை வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

மாதனூர் பக்கத்து ஷூ கம்பெனியில் அவளுக்குத் தையல் மெஷின். தைப்பதற்குத் தோள் வேண்டியதில்லை. தைத்த தோல் நிறைந்த ட்ரேயைத் தலைக்கு மேலே இருக்கும் ரேக்கில் தள்ளத்தான் வேண்டும். இரண்டு கையும் வேண்டும். முடியாதென்று சொன்னால் மெஷின் போய்விடும். நூல் வெட்டுகிற டேபிளில் நாள் முழுக்க நிற்க வேண்டும், சம்பளமும் கம்மி.

பக்கத்து மெஷின் நசீமுன்னிசா, கேட்காமலேயே, தன் ட்ரேயோடு அவளுடையதையும் தூக்கி வைத்துவந்தாள்.

“உனக்கு ஏன்டி ஜாஸ்தி வேல?”

“உக்காந்து உக்காந்து இடுப்பு பெருத்துப்போச்சுக்கா. எனக்கும் எக்சர்சைஸ் வேணாமா?”

ஒரு வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் ஹேமந்த் நசீமின் மெஷினருகே வந்து நின்றான்.

“இன்னாம்மா நீ, எப்ப பாத்தாலும் எழுந்து எழுந்து நிக்கற. உன் பீஸுதான் லைன்லயே கம்மி. நாளையிலேர்ந்து நூல் டேபிளுக்குப் போய்டு.”

“சார், அது வந்து...” என்று அம்பிகா எழுந்தாள். மெஷினுக்குக் கீழே நசீம் அவள் பாதத்தை அழுத்தி மிதித்தாள்.

“சரி சார்,” என்றாள் நசீம்.

அவன் போனதும் அம்பிகா சீறினாள். “ஏன்டி தடுத்த?”

“சொன்னா உன்னையும் அங்க அனுப்புவான். என்னைத் திருப்பி உக்கார வெப்பானா?”

“நான் கேக்கறேன்.”

“கேட்டுட்டு சுகர் மாத்திரைக்கு எங்க போவ? பேஜார் பண்ணாம தை அக்கா.”

அம்பிகா தைத்தாள். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில், நாளைக் காலை ஹேமந்திடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். காலையில் அவன் எதிரே வந்தான். வணக்கம் மட்டும் சொன்னாள்.

நசீமின் மெஷினில் ஒடுகத்தூர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதல் ட்ரேயைத் தூக்கி வைத்தாள். இரண்டாவது ட்ரேக்கு அம்பிகாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“டெய்லியும் நானாக்கா?”

மூன்றாவது ட்ரே அம்பிகாவின் காலடியிலேயே கிடந்தது. லைனின் அந்தக் கோடியிலிருந்து ஹேமந்த் வந்துகொண்டிருந்தான். ஹாலுக்கு அப்பால் நசீம், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்று நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னாலும் அவளுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அம்பிகா நசீமுன்னிசாவுக்கு ஒரு தையல் மெஷின் கடன்பட்டிருக்கிறாள்.