கரண்ட் திரும்பி வரும்போது

1

ஒரு சத்தம் நின்றுபோனதால் எனக்குக் கிடைத்த கதை இது. மந்தைவெளியில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே, கார் ஷெட்டில், வர்ஷினியும் குல்ஷனும் கூட்டாக ஒரு சிஎன்சி மில்லிங் மெஷின் கட்டியிருந்தார்கள். கணினி சொல்கிறபடி அலுமினியத்தைத் தானே செதுக்கும் இயந்திரம். அதன் இரைச்சலைத் திட்டித்தீர்த்து, நேரில் போய்ப் புகாரும் சொன்னவன் நான். ஒரு வாரம் அது கேட்கவில்லை. எனக்கு எழுத ஓடவில்லை. இறங்கிப் போனேன்.

2

'வெயில் தகித்த ஒரு பிற்பகலில், சென்னையின்…'

(வேண்டாம். வெயிலில்லாத சென்னைக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

'குல்ஷனின் ஆள்காட்டி விரல்…'

(இதுவும் வேண்டாம். முதல் வரைவில் அந்த விரலை வெட்டிவிட்டேன். நீங்கள் உருகுவீர்கள் என்ற நப்பாசைதான். அதே விரல்களால் அவன் எனக்கு டீ கிளாஸை நீட்டியபோது வெட்கமாகிவிட்டது.)

நடந்தது இவ்வளவுதான். வேலை நடுவில் கரண்ட் போனது. இதுதான் சமயமென்று குல்ஷன் செதுக்கும் முனையான கட்டரை மாற்றக் கையை உள்ளே விட்டான். கரண்ட் வந்தது. மெஷின் தானாகச் சுற்றியது. புறங்கையில் ஒரு கீறலோடு தப்பினான்.

3

வயரிங் திட்டம் போட்டவள் வர்ஷினி. இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமா என்று பார்த்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை.

"ஆத்துல ஃபேனுக்குப் போடற மாதிரி சாதா சுவிட்ச் போட்டுட்டேன். கரண்ட் போனாலும் அது ஆன்லயேதான் இருக்கும். தப்பு என்னோடது."

"தப்பு உன்னுது. கை என்னுதாச்சே," என்றான் குல்ஷன். "இனிமே அதுக்குள்ள கை வுட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்க."

வரைவது அவள், ஓட்டுவது அவன். அவன் போய்விட்டால் மெஷினைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும்.

அவள் மறுபடி வரைந்தாள். இம்முறை காண்டாக்டர் என்றொரு சாதனம். பச்சைப் பொத்தானை அமுக்கினால் மின்சாரத்தைப் பிடித்துக்கொள்ளும், கரண்ட் போனால் விட்டுவிடும். கரண்ட் திரும்பினாலும், யாராவது பச்சையை அமுக்கும்வரை கம்மென்று கிடக்கும். (இவ்வளவு ரோஷமுள்ள ஒரு கதாபாத்திரத்தை நான் இதுவரை எழுதியதில்லை.)

தன் சாமான்களை எடுத்துப்போக வந்த குல்ஷன் வரைபடத்தை எட்டிப் பார்த்தான்.

"நான் உள்ள கை வுட்டுக்கினு இருக்கசொல்ல நீயே வந்து பச்சைய அமுக்கினா?"

அவள் பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சாவித் துவாரம் வரைந்தாள்.

"இந்தச் சாவியை உருவிட்டா பச்சை வேலை செய்யாது."

"சாவி யாராண்ட இருக்கும்?"

"யார் கையை விடறாளோ, அவா பாக்கெட்ல."

கையில் எடுத்திருந்த சாமான்களை அவன் கீழே வைத்தான்.

4

முடிவு ஒன்று: குல்ஷன் போய்விடுகிறான். (அடித்துவிட்டேன். மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: பெரிய கம்பெனி ஒன்று அவர்களுக்கு… (இது விளம்பரம்.)

முடிவு மூன்று: வயரிங் முடிந்தது. மெயினை அணைத்து, மறுபடி போட்டார்கள். விளக்கு எரிந்தது, மெஷின் அசையவில்லை. குல்ஷன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கையை உள்ளே விட்டான். கட்டரை மாற்றி, கையை எடுத்து, சாவியைத் திரும்பப் பொருத்தினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சத்தம் ஜாஸ்தின்னு கம்ப்ளெய்ண்ட் குடுத்தவரு நீதான சார். நீயே அமுக்கு."

விரலை நீட்டினேன்.

இங்கேதான் நிறுத்துகிறேன். கரண்ட் இருக்கிறது, சாவி உள்ளே இருக்கிறது, யார் கையும் உள்ளே இல்லை. ஆனால் இந்தக் கதையும் இப்போது அவள் வயரிங்படிதான் ஓடுகிறது, தானாகக் கிளம்பாது. பச்சை உங்கள் பக்கம் இருக்கிறது.