பாதியாகக் குறைப்போம்

கணவர் இறந்தபின் அவள் வேலைக்கு வந்த முதல் நாள் அது. பருவநிலை மாநாட்டு மண்டபத்தின் பின்சுவரையொட்டி மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்திருந்தார்கள். மேடையில் ஆங்கிலத்தில் பேசுவதை உடனுக்குடன் தமிழில் சொல்ல வேண்டும். கீழே ஹெட்போன் மாட்டிய குடியிருப்போர் சங்கத்தார் அதைக் கேட்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் எண்களைத் துண்டுச்சீட்டில் எழுதி நகர்த்துவது கூண்டின் வழக்கம். அவசரத்தில் முதலில் நழுவுவது எண்கள்தாம்.

"கிளிக்கும் நமக்கும் ஒரே வித்தியாசம்தான்க்கா," என்றான் கூட்டாளி. தலை நரைத்தும் எல்லோருக்கும் அவன் பொடியன்தான். "கிளிக்கு டீ கிடையாது." அவள் கோப்பை ஆறாமல் இருக்க மேலே தட்டு வைத்து மூடினான். "முடியலேன்னா கையத் தூக்குங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

"முடியும்டா. வீட்ல இருந்தா செவுத்தோடதான் பேசணும்."

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். போன கோடையில் ஒரு மதியம், அனலாய்க் கொதித்த இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்தபடியே வண்டியை நிறுத்தத்தில் ஒழுங்காக ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தார். பிறகு எழவில்லை. "மகராசன், போறப்பகூட யாருக்கும் ஒரு கீறல் வரவிடல," என்றார்கள் துக்கம் கேட்க வந்தவர்கள். அது உண்மைதான். ஆனாலும் அவள் மனம் ஆறவில்லை. அன்று வண்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்த அவருடைய சாப்பாட்டு டப்பாவை அவள் இன்னும் கழுவவில்லை.

நகரத் திட்ட அதிகாரி மேடை ஏறி, ஊரின் இலக்குகளை விளக்கத் தொடங்கினார். தெருவெல்லாம் மர நிழல், வெயிலை உள்ளே விடாத கூரைகள், நிறுத்தந்தோறும் குடிநீர், வெளியில் உழைப்பவர்களுக்கு உச்சிவெயிலில் ஓய்வு. ஒவ்வொன்றையும் அவள் தன் குரலில் சொன்னாள். இதில் ஒன்று போன வருஷமே வந்திருந்தால்?

"பதினைந்து ஆண்டுகளில், வெப்பத்தால் யாரும் சாகாத ஊராக இதை மாற்றுவோம்," என்றாள்.

கீழே ஹெட்போன் மாட்டியவர்கள் மட்டும் பலமாகக் கைதட்டினார்கள். அதிகாரி திகைத்து, பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பொடியன் சீட்டை நகர்த்தினான். அதில் 'பாதி' என்றிருந்தது.

அவள் காதில் அது சரியாகத்தான் விழுந்திருந்தது. சாவுகளைப் பாதியாகக் குறைப்போம் என்றுதான் அவர் சொன்னார். நாக்குதான் அதைச் சொல்ல மறுத்துவிட்டது.

பொடியன் மைக்கை அணைத்தான். "விட்டுடுங்கக்கா. நல்லதைத்தானே சொன்னீங்க."

"இவங்க இதை நம்பிக்கிட்டு ஊர்ல போய்ச் சொல்லுவாங்கடா. நம்பினவங்களை ஏமாத்துனா கடவுளுக்கு அடுக்காது." மைக்கைப் போட்டாள். "மன்னிக்கவும். மொழிபெயர்ப்பாளரின் பிழை. அதிகாரி சொன்னது, சாவுகளைப் பாதியாகக் குறைப்போம்."

கண்ணாடிக்கு அப்பால் முகங்கள் ஒவ்வொன்றாய் வாடுவதைப் பார்த்தாள். மீதிப் பாதியில் எத்தனை வீட்டில் சாப்பாட்டு டப்பா கழுவாமல் கிடக்குமோ. அவள் கை தூக்கும் முன்பே பொடியன் பேசத் தொடங்கியிருந்தான்.

இடைவேளையில் ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு அம்மாள் கூண்டு வாசலில் நின்றாள்.

"முதல்ல சொன்னது நல்லா இருந்துச்சேம்மா. ஏன் மாத்திட்டீங்க?"

"அவர் சொன்னது பாதிதாம்மா. எனக்குத்தான் அதைச் சொல்ல வாய் வரல."

அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "யாரு?"

"வீட்டுக்காரர்."

"எனக்குத் தம்பி. கூரை வேலைக்குப் போனவன்." ஹெட்போன் கம்பியை மெதுவாகச் சுற்றினாள். "உசுரோட இருந்திருந்தா, அவனை எந்தப் பாதியில வெப்பாங்க?"

பொடியன் எழுந்து தன் நாற்காலியை அந்த அம்மாளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினான். அந்த அம்மாள் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மைக் அணைந்திருந்த அந்தக் கூண்டுக்குள் இருவரும் அழுதார்கள்.