பூட்டிய கதவின் இடுக்கு

காலை பத்து மணிக்கே சிமெண்டுத் தரை காலைச் சுட்டது. அதைப் பொருட்படுத்தாமல் மின் மீட்டருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் வீட்டுக்காரர். மீட்டரில், கரண்டு செலவாவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. மின்விசிறி, விளக்கு, டி.வி. என்று வீட்டில் ஒன்றுவிடாமல் தன் கையாலேயே அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். அப்படியும் அந்தப் புள்ளி அவரைப் பார்த்துக் கண்ணடிப்பதை நிறுத்தவில்லை.

முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு திருகாணி குறைந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். வேலை விட்டுப் போனது. அந்தப் புத்தி மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பூட்டு, செருப்பு அலமாரிக்கு ஒரு பூட்டு. தெருவில் அவருக்குப் ‘பூட்டு சார்’ என்று பெயர். அது அவருக்குத் தெரியாது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது.

இப்போது அவர் சந்தேகமெல்லாம் பின்பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் மேல். அந்த அம்மா தன் மகளின் கண் மருந்தை இவர்கள் ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தாள். அந்தச் சாக்கில் அடிக்கடி வந்து போனாள். அதே சமயத்தில் ஃப்ரிட்ஜில் இருந்த ஜாம் பாட்டில் மளமளவென்று குறைந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு, ஃப்ரிட்ஜ் கதவுக்கே ஒரு கொண்டியை முடுக்கிப் பூட்டைத் தொங்கவிட்டார். மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு அடுத்து வந்த மின் கட்டணம் ஒன்றரை மடங்காக ஏறியிருந்தது. தையல் மிஷினுக்கு அந்த அம்மா புதிதாக மோட்டார் மாட்டியதும் அப்போதுதான். இதற்குமேல் சாட்சி எதற்கு? தன் மீட்டரிலிருந்து கள்ளத்தனமாக ஒயர் இழுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். கடையில், குழாயடியில், எதிர்வீட்டு வாசலில் என்று நாலு பேரிடம் சொல்லியும் விட்டார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யும்படி அவளிடம் கறாராகக் கூறினார்.

தையல்காரம்மாவுக்கு வாடிக்கை முழுவதும் அந்தத் தெருதான். மகளின் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே இருந்தது. அது மட்டுமல்ல, திருடி என்ற பேரோடு வெளியேறினால் வேறு யார் வீடு கொடுப்பார்கள்? இரண்டு நாளாக அவள் மிஷினில் உட்காரவே இல்லை.

கையும் களவுமாகப் பிடிப்பதற்காக அன்று எலக்ட்ரீசியனை வரவழைத்திருந்தார் வீட்டுக்காரர். அவன் ஒயரைத் தடவிக்கொண்டே நடந்தபோது தையல்காரம்மாவும் பின்னாலேயே போனாள். பழி தன் பேரில் இருப்பதால் தானும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சுவரெங்கும் தேடியும் கள்ள ஒயர் அகப்படவில்லை. அவள் வீட்டு ஒயர் ஒழுங்காக அவள் மீட்டருக்குத்தான் போயிற்று. எலக்ட்ரீசியனுக்கும் இவள் ஏதாவது கொடுத்திருப்பாளோ என்று வீட்டுக்காரருக்கு ஒரு கணம் தோன்றியது.

“சார், எல்லாத்தையும் அணைச்சிட்டேன்னீங்களே, ஃப்ரிட்ஜையும் அணைச்சீங்களா?” என்று கேட்டான் அவன்.

“அதை யாராவது அணைப்பாங்களா? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்.”

எலக்ட்ரீசியன் உள்ளே போய் ஃப்ரிட்ஜின் சுவிட்சை அணைத்தான். சிவப்புப் புள்ளி நின்றுவிட்டது. பிறகு தையல்காரம்மாவை மிஷினை ஓட்டச் சொன்னான். மிஷின் தடதடத்தது, வீட்டுக்காரரின் மீட்டரில் புள்ளி மின்னவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும்தான் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, இது மட்டும் இவ்வளவு கரண்டைக் குடிக்குமா என்று முனகினார்.

எலக்ட்ரீசியன் ஒரு துண்டுக் காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவின் இடுக்கில் வைத்து, அவரையே மூடிப் பூட்டச் சொன்னான். பூட்டிய பிறகு காகிதத்தை இழுத்தான். அது வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

“கதவு இறுக்கமா மூடுனா காகிதம் இப்படி வராது சார். நீங்க மாட்டின கொண்டியோட தகடு ரப்பரை மடக்கிப் பிடிச்சிருக்கு. மூணு மாசமா குளிர் வெளியில போகுது, மோட்டார் ஓயாம ஓடுது. பின்னாடி கம்பியில தூசி வேற அப்பியிருக்கு, சூடு வெளியேற வழியில்ல. பாருங்க, அடுப்பாட்டம் கொதிக்குது.”

வீட்டுக்காரர் பின்னால் கையை நீட்டினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அதுவரை வாசற்படியில் நின்றிருந்த அவர் மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “ஏங்க, அந்த ஜாமைத் தின்னது நான்தான். எனக்கு சர்க்கரை இருக்குன்னு நீங்க கத்துவீங்களேன்னு சொல்லல. இந்தப் பொண்ணை இவ்வளவு தூரம் நோகடிச்ச பிறகும் வாயை மூடிட்டு இருந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் சொல்லாமலே திருப்புளியை எடுத்துவந்து கொண்டியைக் கழற்றினார். நாலு திருகாணியையும் கழற்றி முடிக்கும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு தையல்காரம்மாவிடம், வீட்டைக் காலி செய்ய வேண்டாம், மருந்தையும் பழையபடி இங்கேயே வைக்கலாம் என்று தணிந்த குரலில் சொன்னார்.

அவள் சட்டென்று இளகிவிடவில்லை. “என்னைத் திருடின்னு தெருவெல்லாம் சொன்னீங்க சார். இல்லன்னு அடுப்படிக்குள்ள சொன்னா போதுமா? சொன்ன இடத்துல எல்லாம் போய்ச் சொல்லுங்க. அப்புறம் நான் இருக்கிறதா போறதான்னு பார்க்கலாம்.”

அது நியாயம் என்று அவருக்குப் பட்டது. வெயில் தாழ்ந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். தையல்காரம்மா மேல் தப்பே இல்லை, தப்பு தன் ஃப்ரிட்ஜ் கதவில் என்றார். எதிர்வீட்டுக்காரர் நம்பாமல் பார்க்கவே, சட்டைப்பையில் போட்டு வந்திருந்த அந்தக் காகிதத் துண்டை எடுத்து அந்த வீட்டு ஃப்ரிட்ஜிலேயே சோதித்துக் காட்டினார். அங்கேயும் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த வீட்டு ரப்பர் கிழிந்து வருடக்கணக்காகியிருந்தது.

அன்று அவர் ஒன்பது வீடு ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் மன்னிப்பு, பிறகு காகிதம். சந்தேகப் புத்தி அவரை விட்டுப் போய்விடவில்லை. மனிதர்களை விட்டுவிட்டுக் கதவுகளின் பக்கம் திரும்பியிருந்தது. கடைசி வீட்டில் கடைக்காரர், “என்ன சார், ஒரு ஃப்ரிட்ஜ் கதவுக்கா இவ்வளவு அலைச்சல்?” என்று சிரித்தார். பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த தையல்காரம்மாவை அப்போதுதான் கவனித்தார் வீட்டுக்காரர். அவளும் கேட்கட்டும் என்றுதான் குரலை உயர்த்தினார்.

“ஒரு கதவு இல்லீங்க, ஒன்பது வீட்ல அஞ்சு கதவு. நமக்கு வர்ற கரண்டுக்கு எங்கேயோ மூட்டை மூட்டையா நிலக்கரி எரியுது. நம்ம வீட்ல வீணாப் போற ஒவ்வொரு துளிக்கும் அங்க புகை கூடுது, இங்க வெயில் கூடுது. கரண்டைத் திருடுறவனைப் பிடிக்கணும்னு ஊரெல்லாம் தேடினேன். திருடனைப் பூட்டுப் போட்டு வளர்த்தவனே நான்தான். அடுத்தவங்களைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி, அவங்கவங்க வீட்டுக் கதவு சரியா மூடுதான்னு பார்த்தாலே பாதிச் சூடு தணிஞ்சிடும், வெளியிலயும், மனசுலயும்.”

தையல்காரம்மா வீட்டைப் பார்த்து நடந்தாள். மறுநாள் காலையில் அவர் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, மேல்தட்டில் கண் மருந்து பழைய இடத்திலேயே இருந்தது. கதவை மூடினார். பழக்கதோஷத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்; கெட்டியாக மூடியிருந்தது.