குருசுப்பாறைத் தண்ணீர்

சத்தியநேசன் சாரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பவருக்கு அது எங்கே எடுத்த தண்ணீர் என்று தெரியக்கூடாது. எங்கே எடுத்தது என்று தெரிந்தவர், உள்ளே என்ன கண்டாய் என்று கேட்கக்கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், கணக்கில் பொய் புகுந்துவிடும் என்பார். நியாயமான பேச்சுதான். ஆகவே கடலில் போய்த் தண்ணீர் எடுத்துப் புட்டிக்கு எண் ஒட்டுவது சுபிதா. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ரெஜிஷா. இருவரும் ஒரே மேசையில் சோறு தின்பவர்கள். ஆனாலும் புட்டிப் பேச்சு மட்டும் பாதிரியார் காதில் சொன்ன பாவசங்கீர்த்தன ரகசியம் மாதிரி, ஒருத்தி வாயிலிருந்து மற்றவள் காதுக்குப் போகாது.

செய்கிற வேலை லேசுப்பட்டதல்ல. காற்றில் கூடிப்போன கரிவாயுவைக் கடலைக் குடிக்க வைப்பது. கரையை விட்டுத் தள்ளி ஆழக்கடலில் இரும்பு உப்பைக் கரைத்தால் பாசி பெருகும். பாசி கரியைத் தின்று, செத்து, அடியில் போய்ப் படியும். உலகத்துக்கே மருந்து என்று சார் பேசும்போது கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். மருந்து போட்ட இடத்தோடு ஒத்துப் பார்க்க, போடாத இடமும் ஒன்று வேண்டுமே? அதற்கு அவர் குறித்தது மண்டைக்காட்டுக்கு மேற்கே, ரெஜிஷாவின் ஊருக்கு முன்னால் நிற்கும் குருசுப்பாறை. ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயர் ‘கன்ட்ரோல்’. ஒன்றும் செய்யாத இடம், ஆகவே ஒன்றும் நடக்காத இடம். படித்தவர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை.

ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? சுனாமி வந்து போய் ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. கோவில் முற்றத்தில் கூட்டம் கூடியது. கோவில் கமிட்டித் தலைவர் மரியஜான் எழுந்து, “எங்க கடல்ல என்னத்தக் கலக்குதிய? நாளைக்குச் சிப்பி தின்னு பிள்ளைய செத்தா ஆரு ஜவாப்பு?” என்று கேட்டார். சார் படம் போட்டு விளக்கினார். ஒருத்தருக்கும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் ரெஜிஷாதான் கோவில் படியில் ஏறி நின்றாள்.

“குருசுப்பாறையில நாங்க ஒண்ணும் கலக்கல்ல. பயம் உண்டும்னா மத்த பாறைக்குப் போவாதுங்க. அங்க மட்டும் சிப்பி எடுங்க. நான் பொறுப்பு.”

அவள் அம்மாவைக் கொண்டுபோனது அந்தக் கடல்தான். கடலைப் பற்றி அவள் பொய் சொல்ல மாட்டாள் என்று ஊர் நம்பியது. அன்றிலிருந்து மற்ற பாறைகளை விட்டுவிட்டு எல்லாரும் குருசுப்பாறையிலேயே மூழ்கினார்கள். ரெஜிஷாவின் தம்பி லிஜினும் சிப்பி எடுக்கிறவன். “எக்கா, இந்தப் பிராவசியம் சிப்பிக்கு என்னா சதை! பிளந்தா ஓட்டுக்குள்ள கொள்ளல்ல” என்று போன வாரம் ஃபோனில் சொன்னான். ரெஜிஷாவுக்கு அது கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் சதை வைத்தது என்று அந்த நேரம் அவள் யோசிக்கவில்லை.

இரண்டு வாரமாக அவள் பார்த்த புட்டிகளில் சிலவற்றில் ஒரு பாசி நெருக்கியடித்துக் கிடந்தது. கவசம் போட்ட பாசி. சிப்பி அதைத் தின்றால் சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சிப்பியைத் தின்ற மனுசனுக்கு ஆகும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாத விஷம். முதலில் உதடு மரக்கும், பிறகு நாக்கு, பிறகு கைகால், கடைசியில் மூச்சு. மாற்று மருந்து கிடையாது. வெள்ளிக்கிழமை அவள் சாரிடம் சொன்னாள். எந்தப் புட்டி எந்த இடம் என்று சாருக்கும் தெரியாது, ஆனாலும் சிரித்தார். “ஆழக்கடல்ல யாரும்மா சிப்பி எடுக்கா? நம்ம இரும்பு வேலை செய்யுது, அவ்வளவுதான். எண்ணிக்கிட்டே போ.” அவளும் சிரித்தாள். பாசி பெருகினால் வெற்றிதானே.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் திருவிழா. மத்தியானம் அசனம், ஊர் முழுக்க உட்கார்ந்து ஒரே சாப்பாடு. சாயங்காலம் தேர். சாருக்கு மறுநாள் கணக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால் திருவிழா நாளும் அதுவுமாக ரெஜிஷா நாகர்கோவிலில் மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேருக்குப் போய்விடலாம் என்று கணக்கு. லிஜின் தேர் தூக்குகிறவன். திருவிழா என்றால் அவன் காலையிலேயே ஊற்றிக்கொண்டு ஆடுவது ஊரறிந்த சங்கதி. இந்த வருஷம் அம்மா பெயரில் சத்தியம் வாங்கியிருந்தாள், தேர் நிலைக்கு வரும்வரை தொடமாட்டேன் என்று.

அடுத்த புட்டியிலிருந்து ஒரு துளியை விட்டுக் குனிந்து பார்த்தாள். அதே கவசப்பாசி, முன்னைவிட நெருக்கமாக. நடுவே கண்ணாடித் துணுக்குகளாக என்னவோ மினுங்கின. சிப்பிக்குஞ்சுகள். பொரிந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள். இவை ஆழக்கடலுக்கு எப்படி வரும்? தாய்ச்சிப்பி ஒட்டியிருக்கும் பாறையை விட்டு அதற்குள் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாதே.

புட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள்.

“சுபி, இது எங்க எடுத்தது?”

சுபிதா சாரைப் பார்த்தாள். சார் கண்ணாடியைக் கழற்றினார். “ரெஜிஷா, இன்னும் கொஞ்சம் புட்டிதான் பாக்கி. இப்போ வாயைத் திறந்தா இத்தனை மாச உழைப்பும் வீணாப் போயிரும்.”

“சார், இதுல சிப்பிக்குஞ்சு கெடக்கு!”

சாரின் முகம் வெளிறிப்போயிற்று. சட்டத்தை எடுத்துவிட அவர் வாய் திறப்பதற்குள் சுபிதா சொல்லிவிட்டாள். “குருசுப்பாறை.” பிறகு அழ ஆரம்பித்தாள். “ரெண்டு வாரமா அங்க தண்ணி ஒரு மாதிரி செவந்து கெடந்துச்சு ரெஜி. உங்கிட்ட சொல்லக்கூடாதேன்னு இருந்தேன். நீ வேற புட்டியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தியா, எல்லாம் நல்லதுக்குத்தான்னு நெனச்சுட்டேன்.”

நீரோட்டம் திரும்பியிருக்கிறது. ஆழக்கடலில் போட்டது ஒன்றும் செய்யாத இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒருத்திக்கு இடம் தெரியும், ஒருத்திக்கு விஷம் தெரியும். நடுவில் சட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்கள்.

சார் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட ஓடினார். ரெஜிஷா லிஜினைக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும் முதலில் கேட்டது கோவில் மைக். மரியஜானின் குரல்.

“அடுத்த பந்திக்கு உள்ளவங்க வந்து இருங்க. சிப்பி பொரியல் தாராளமா இருக்கு. ஆரும் பயப்படண்டாம். நம்ம ரெஜிஷா பாத்துச் சொன்ன பாறையில எடுத்த சிப்பியாக்கும்.”

“லிஜின், சிப்பி தின்னியா?”

“பின்ன? மொத பந்தியே நான்தான். கேட்டியாக்கா, பொரியலுக்கு நல்லமிளகு கூடிப்போச்சுண்ணு தோணுது. உதடு ரெண்டும் மரத்துப் போச்சு.” அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு வாய்க்குள்ளேயே குழைந்தது.

“மக்கா, சொல்லுகதக் கேளு. அது மிளகு இல்ல. விசம். போய் மைக்கப் புடுங்கிச் சொல்லு, ஒருத்தரும் தின்னப்பிடாது. தின்னவங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஓடு.”

“நீதானே எக்கா சொன்ன, அந்தப் பாறையில...”

“நான்தான் சொன்னேன். ஓடு மக்கா!”

அவன் ஓடினான். ஃபோன் காதில் இருந்தபடியே எல்லாம் கேட்டது. மூச்சிரைப்பு, எதிலோ இடறுவது, மறுபடி எழுவது, ஒரு பெஞ்சு சரிவது. பிறகு மைக் கரகரத்தது. லிஜினின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

“சிப்பி... தின்னா... தின்னாதுங்க... வெ... வெசம்...”

நாக்கு அவனுக்கு வசப்படவில்லை. முற்றத்தில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது, பந்தி முழுக்கப் பரவியது.

“லே, லிஜினுக்கு இப்பவே ஏறிட்டுடா! தேரு இன்னும் எடுக்கவே இல்ல!”

“ஆராவது பிடிச்சு அந்த வேப்பமரத்துக்க மூட்டுல கெடத்துங்கப்பா” என்றார் மரியஜான், அவரும் சிரித்துக்கொண்டு. மைக் மறுபடி அவர் கைக்கு வந்தது. ரெஜிஷா ஃபோனில் கத்தினாள். அந்த ஃபோன் லிஜினின் கையை விட்டு நழுவி எங்கோ மண்ணில் கிடந்தது.

“பிள்ளைய எல்லாம் முன்னால வந்து இருங்க” என்றார் மரியஜான். “சிப்பி இன்னும் உண்டும்.”