பனி படிந்த படகு

ஐனார் சோல்விக் தன் இடது கையை யாருக்கும் தரமாட்டேன் என்பதுபோல மார்போடு அணைத்து வைத்திருந்தார். பேரிங் கடலில் அவர் வேலை பார்த்த நண்டுபிடி படகு ஒருபக்கமாகச் சாய்ந்தபோது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய் அந்தக் கையின் மேல் முழங்கை வரை கொட்டிவிட்டது. தினமும் காலையில் கட்டைப் பிரித்து, செத்த தோலைத் தேய்த்தெடுத்து, புதுக் கட்டுப் போட வேண்டும். சியாட்டிலின் அந்தத் தீக்காய வார்டில் எவரும் அஞ்சும் வேளை அதுதான்.

ஐனார் அஞ்சியது வேறொன்றுக்கு. முன்பு முதுகுவலிக்கென்று கொடுத்த மாத்திரை அவரைப் பிடித்துக்கொண்டு, மனைவியையும் வீட்டையும் விழுங்கிவிட்டுத்தான் விட்டது. அதைத் தொட்டு ஆறு வருடம் ஆகிறது. "அந்தச் சனியனை மட்டும் என் கண்ணுல காட்டாதீங்க" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். லேசான மருந்தோடு பல்லைக் கடித்துப் பார்த்தார். நேற்று, வலியை மறக்கக் கண்முன் வேறோர் உலகைக் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டியும், பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார். அரைகுறையாகத் துடைத்த புண் சீழ் பிடிக்கும். இன்றும் முடியாவிட்டால் அந்த மாத்திரை இனத்து வலுவான மருந்தைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வி.ஆர். கண்ணாடியை அவர் தலையில் மாட்டிய மாரிடெஸுக்கு இந்த வேலை புதிது. நேற்றைய தோல்வி தன்னுடையதுதான் என்று அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வாரை இறுக்கிவிட்டோமோ? சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டோமோ? எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள்.

"ஆரம்பிக்கலாமா, கேப்டன்?"

"நான் கேப்டன் இல்லம்மா. மேல்தளத்துல கூலிக்கு வேலை செய்யிற ஆளு. கேப்டன் காதுல விழுந்தா சம்பளத்தப் புடிச்சிருவான்."

கண்ணாடிக்குள் பனிப் பள்ளத்தாக்கு விரிந்தது. ஆற்றின் மேல் மெல்ல மிதந்து போக வேண்டும். வலக்கைப் பொத்தானை அமுக்கினால் பனிப்பந்து பறக்கும். எரியும் உடம்புக்குக் குளிர்ச்சியான காட்சி. பலரை அது வலியை மறக்க வைத்திருக்கிறது.

"பனிமனுஷனை அடிங்க. அடிச்சா பாயிண்ட் ஏறும்."

நர்ஸ் ஓடெல் ஈரத்துணியோடு குனிந்தார். ஐனாரின் தோள் விறைத்தது.

"ஓடெல், அது கையா ரம்பமா?"

"நேத்துப் பட்ட திட்டுல மழுங்கியிருக்கும். பொறுத்துக்கங்க."

ஐனார் காண்பதையே காட்டும் திரையை மாரிடெஸ் பார்த்தாள். ஆற்றோரம் ஒரு பழைய படகு நின்றது. வெறும் அலங்காரத்துக்காக வைத்தது. அதன் கைப்பிடிக் கம்பியிலும் கயிறுகளிலும் பனி அப்பிக் கிடந்தது. பனிமனிதர்களை விட்டுவிட்டு ஐனார் அதன் மேலேயே பந்துகளை எறிந்தார். படகு பின்னால் நகர நகர, அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தவித்தார்.

நேற்றும் இதே இடம்தான்! "படகை விடுங்க, அதுக்குப் பாயிண்ட் இல்ல" என்று அவள் சொன்ன உடனேதான் கையை இழுத்துக்கொண்டார்.

"படகுல என்ன இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பனி! தெரியல? இவ்வளவு பனி ஏறினா மேல்பாரம் தாங்காம கவுந்துரும். தூங்குறவனையும் எழுப்பிவிட்டு, சுத்தியலால அடிச்சு உதிர்க்கணும். இதப் பாத்துட்டு எவனாவது பொம்மைய அடிப்பானா?"

மாரிடெஸின் முகம் சூடேறியது. மற்றவர்களுக்கு ஆறுதலான பனி இவருக்கு ஆபத்து. அதை விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறாள். ஓட்டத்தை யாரும் இடையில் நிறுத்தியதில்லையே, தப்பாகிப் போனால்? விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஆற்றோட்டத்தை நிறுத்தினாள். படகு ஐனாருக்கு நேர் எதிரே நின்றது.

"நிறுத்திட்டேன். அடிங்க."

அவர் அடிக்கத் தொடங்கினார். முதலில் உயரத்துக் கயிறுகள், பிறகு கைப்பிடி. பந்து பட்ட இடத்தில் பனி பொலபொலவென்று உதிர்ந்தது. சற்று நேரத்தில் மறுபடி படிந்தது.

"ஐயோ, திரும்ப ஏறுதே. இதை இப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க" என்றாள் மாரிடெஸ்.

"கடல்லயும் அப்படித்தான்மா. அடிச்சுக்கிட்டே இருக்கணும்."

ஓடெலின் துணி மணிக்கட்டைத் தாண்டியது. ஐனார் ஒருமுறை "ஸ்ஸ்" என்றார். யாரையோ வேலைக்கு அதட்டினார். ஓடெலை அல்ல, கண்ணாடிக்குள் இல்லாத ஒரு கூட்டாளியை. வலி போய்விடவில்லை, அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. ஓடெல் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். இறுகியிருந்த சுண்டுவிரலும் விரிந்தது.

"முடிஞ்சது" என்றார் ஓடெல், தன்னையே நம்பாமல்.

மாரிடெஸ் கண்ணாடியைக் கழற்றக் கை நீட்டினாள்.

"இரும்மா. படகோட முன்பக்கம் பாக்கியிருக்கு."

ஓடெல் புதுக் கட்டுப் போட்டு முடித்தார். இருவரும் காத்திருந்தார்கள். கண்ணாடி இறங்கியதும் ஐனார் வெள்ளைக் கட்டைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். "அந்த மருந்து?"

"வேண்டாம்னு டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுறேன்" என்றார் ஓடெல்.

ஐனார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாரிடெஸிடம் திரும்பினார். "நாளைக்கும் அதே படகுதானே?"

"அதேதான்."

"விடியுறதுக்குள்ள பனி முழுசா ஏறியிருக்கும். சீக்கிரமே வந்துரு."