மெத்தையை விட்டு இறக்குங்க

மெத்தைப் பட்டறையில் ஒருத்தர் மயங்கி விழுந்தால் எங்கே படுக்க வைப்பார்கள்? வேறெங்கே, மெத்தையில்தான். ஸ்பாஞ்சு வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் பேச்சுமூச்சில்லாமல் சரிந்ததும், முதலாளி பதறிப்போய், இருப்பதிலேயே ஒசத்தியான மெத்தையை இழுத்துப் போட்டு அதில் கிடத்தினார். பாவம், நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் ஆளைக் கொல்லப் பார்த்தது.

அதே பட்டறையில் மெத்தைக்கு ஓரம் தைக்கிறவள் தங்கச்சி. மிஷினை ஓட ஓட விட்டுவிட்டு ஓடிவந்தாள். கூடப் பிறந்தவன் என்று அவளுக்கு இருப்பது இவன் ஒருத்தன்தான். அதற்குள் முதலாளி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

"மூச்சு விடறாரா?" என்றது ஒரு பெண் குரல்.

"அப்பப்ப ஒரு இழுப்பு இழுக்கறார்மா."

"அது மூச்சு இல்ல சார். வண்டி கிளம்பிடுச்சு. வர்ற வரைக்கும் யாராவது நெஞ்சை அழுத்தணும். நடு நெஞ்சுல உள்ளங்கையோட அடிப்பக்கத்தை வைங்க, அது மேல இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அஞ்சு சென்டிமீட்டர் இறங்கணும். நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையக் கூடாது."

தங்கச்சி அழுத்தினாள். கை சுலபமாக இறங்கியது, சுலபமாக ஏறியது. பதினைந்து வருஷமாக அமுக்கிப் பார்த்தே மெத்தையின் தரம் சொல்கிற கை அது. அதற்குச் சட்டென்று உறைத்தது. அமுங்குவது அண்ணன் நெஞ்சில்லை, கீழே இருக்கிற ஸ்பாஞ்சு!

"மெத்தையை விட்டு இறக்குங்க! தரையில போடுங்க!"

"வெறும் சிமெண்டுத் தரையிலயா? உனக்கென்ன பைத்தியமா?" என்று அலறினார் முதலாளி.

"மெத்தையிலயா வெச்சிருக்கீங்க?" போனில் இருந்தவள் அதட்டினாள். "உடனே இறக்குங்க சார்!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். இப்போது நெஞ்சு கைக்கு எதிர்த்து நின்றது. அண்ணனுக்கு வலிக்குமே என்று இவள் தயங்கினாள். அடி அசடே, அதையெல்லாம் பார்க்கிற நேரமா இது? பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். உள்ளே மளுக்கென்று ஒரு சத்தம்.

"ஐயையோ, எலும்பு ஒடிஞ்சிடுச்சு!"

"ஒடிஞ்ச எலும்பு கூடிடும்மா. நிறுத்தாதீங்க."

நிறுத்தவில்லை. கை சோர்ந்ததும் முதலாளி மண்டி போட்டார். ரெண்டு நிமிஷம் அவர், ரெண்டு நிமிஷம் இவள். எண்ணிக்கைக்கு நடுவே அவர் குரல் உடைந்தது.

"நான்தானேம்மா மெத்தையில போட்டேன்..."

"நல்லதுக்குத்தானே போட்டீங்க. அழுத்துங்க முதலாளி."

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ரெண்டாவது ஷாக் கொடுத்தபோது நாடி திரும்பியது.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அண்ணன் கண் திறந்தான். தங்கச்சியைக் கண்டுகொண்டு உதட்டை அசைத்தான். அவள் குனிந்து காது கொடுத்தாள்.

"நெஞ்செல்லாம் வலிக்குதுடி."

"வலிக்கட்டும்ணே," என்றாள். "நல்லா வலிக்கட்டும்." நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.